வேளாண் கழிவுகளிலிருந்து லாக்டிக் அமிலம் தயாரித்தல்

வேளாண் கழிவுகளிலிருந்து லாக்டிக் அமிலம் தயாரித்தல் என்பது அறுவடைக்குப் பின் எஞ்சும் தட்டை, கதிர்த்தண்டு, சக்கை, வைக்கோல் முதலியவற்றிலுள்ள கார்போவைதரேட்டுகளைச் சர்க்கரையாக உடைத்து, அச்சர்க்கரையை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலம் பெறும் செயல்முறை ஆகும். பால் தயிராவதும் இட்லி மாவு புளிப்பதும் இதே வகை நுண்ணுயிரிகளின் செயலே. எனினும் பாலிலும் அரிசி மாவிலும் எளிதாகக் கிடைக்கும் சர்க்கரை, பயிர்க்கழிவுகளில் நார்ப்பொருளுக்குள் பூட்டப்பட்டுள்ளது. ஆகவே இம்முறையில் மூலப்பொருளின் விலை குறைவாக இருந்தாலும், நாரை உடைப்பதற்கும் இறுதியில் அமிலத்தைத் தூய்மையாகப் பிரிப்பதற்கும் ஆகும் செலவு மிகுதியாகும்.

தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இச்செயல்முறையை விளக்குவதற்கு ஏற்ற பகுதியாகும். மக்காச்சோளம், பருத்தி, கரும்பு, நெல், முந்திரி ஆகியவற்றின் கழிவுகளும், அமிலத்தை நடுநிலையாக்கப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லும், துணை விளைபொருளான ஜிப்சத்தை ஏற்கக்கூடிய சிமெண்டு ஆலைகளும் இங்கு அருகருகே உள்ளன.

வரலாறு

1780ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்லெம் சீலே புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இப்புளிப்பு உயிரினங்களால் நிகழ்வது என்பதை லூயி பாசுச்சர் 1857இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். 1881இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள லிட்டில்டனில் சார்லசு ஏவரி என்பவர் நொதித்தல் முறையில் வணிக உற்பத்தியைத் தொடங்கினார். வேதியியல் தொகுப்பு முறையிலும் இவ்வமிலம் பின்னர் தயாரிக்கப்பட்டது. ஆனால் தொகுப்பு முறையில் அமிலத்தின் இரு ஒளியியல் வடிவங்களும் சம அளவில் கலந்தே கிடைக்கின்றன. நொதித்தல் முறையில் தகுந்த நுண்ணுயிரியைத் தேர்ந்தால் ஒரே வடிவத்தைப் பெற இயலும். இக்காரணத்தால் இன்று உலகில் லாக்டிக் அமிலம் பெரும்பாலும் நொதித்தல் முறையிலேயே தயாராகிறது.

மூலப்பொருட்கள்

பயிர்க்கழிவின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி செலுலோசு, எமிசெலுலோசு, லிக்னின் ஆகிய மூன்றால் ஆனது. செலுலோசு குளுக்கோசுச் சர்க்கரையின் நீண்ட சங்கிலி ஆகும். எமிசெலுலோசில் சைலோசு என்னும் ஐந்து கரியணுச் சர்க்கரை மிகுந்திருக்கும். லிக்னின் சர்க்கரை அன்று. இது மற்ற இரண்டையும் பிணைத்துத் தண்டுக்கு உறுதி தரும் பொருள் ஆகும். லிக்னின் மிகுந்த பொருளை உடைப்பது கடினம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கிடைக்கும் முதன்மையான மூலப்பொருட்கள் பின்வருமாறு:

* மக்காச்சோளம்: பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களுள் ஒன்று. வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர், பெரம்பலூர் வட்டங்களின் கரிசல் நிலங்களில் இது பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. ஒவ்வொரு 100 கிலோகிராம் மணிக்கும் ஏறத்தாழ 18 முதல் 20 கிலோகிராம் வரை மணி நீக்கிய கதிர்த்தண்டு எஞ்சுகிறது. இதில் செலுலோசு 35 முதல் 45 விழுக்காடும், எமிசெலுலோசு 30 முதல் 40 விழுக்காடும் உள்ளன. லிக்னின் ஒப்பளவில் குறைவு. தட்டையின் எடை மணியின் எடைக்கு ஏறத்தாழ நிகராக இருக்கும்.

* பருத்தி: அறுவடைக்குப் பின் எஞ்சும் பருத்திமார் மரம்போல் கடினமானது, லிக்னின் மிகுந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தொடராமலிருக்க இதை வயலிலிருந்து அகற்றுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

* கரும்பு: பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பெரம்பலூர் சர்க்கரை ஆலையும், அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலையும் அமைந்துள்ளன. ஒரு டன் கரும்பை அரைத்தால் 250 முதல் 300 கிலோகிராம் வரை ஈரச்சக்கை கிடைக்கும். அதில் ஏறத்தாழ பாதி நீர். சக்கை ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்திருப்பதால் சேகரிக்கும் செலவு இல்லை.

* நெல்: கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர்ப் பகுதியில் வைக்கோல் கிடைக்கிறது. வைக்கோலில் சிலிக்கா மிகுந்திருப்பதால் சாம்பல் அளவு கூடுதலாகும்.

* முந்திரி: அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம், செயங்கொண்டம், செந்துறைப் பகுதிகளில் முந்திரித் தோப்புகள் உள்ளன. கொட்டையை எடுத்தபின் பழம் பெரும்பாலும் தோப்பிலேயே விடப்படுகிறது. பழச்சாற்றில் ஏறத்தாழ 10 விழுக்காடு சர்க்கரை உள்ளது. இதை நாரை உடைக்காமலே நேரடியாக நொதிக்கச் செய்யலாம். ஆனால் பழம் கோடையில் சில வாரங்களுக்கே கிடைக்கும். ஒரிரு நாட்களில் அழுகிவிடும்.

செய்முறை

முன்பதப்படுத்தல்

முதலில் கழிவு உலர்த்தப்பட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பின்னர் நாரின் கட்டமைப்பைத் தளர்த்துவதற்காக நீர்த்த கந்தக அமிலத்துடனோ சோடியம் ஐதராக்சைடுடனோ சூடாக்கப்படுகிறது. 180 முதல் 220 பாகை செல்சியசு வரையிலான நீராவியில் அழுத்தத்துடன் வைத்துத் திடீரென அழுத்தத்தை விடுவிக்கும் முறையும் உண்டு. அமில முறையில் எமிசெலுலோசு கரைந்து சைலோசாகிறது. கார முறையில் லிக்னின் பெரிதும் நீங்குகிறது.

வெப்பமும் அமிலமும் அளவு மீறினால் சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்து பர்பியூரால் போன்ற சேர்மங்களாக மாறும். இவை நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுப்பவை. எனவே சர்க்கரையை முழுமையாக விடுவிப்பதும், தடைப்பொருள் உண்டாகாமல் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகளாகின்றன.

நீராற்பகுத்தல்

லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை செலுலோசைத் தாமே செரிக்க இயலாதவை. ஆகவே செலுலேசு எனப்படும் நொதிக்கலவை சேர்க்கப்படுகிறது. இது பெரும்பாலும் திரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சையிலிருந்து பெறப்படுகிறது. இந்நொதிகள் 50 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு செயற்படும். நொதியின் விலை இச்செயல்முறையின் பெருஞ்செலவுகளுள் ஒன்று.

நீராற்பகுத்தலையும் நொதித்தலையும் ஒரே கலனில் ஒருங்கே நிகழ்த்துவதும் உண்டு. இதில் உண்டாகும் குளுக்கோசை பாக்டீரியா உடனுக்குடன் பயன்படுத்திக்கொள்வதால், குளுக்கோசு தேங்கி நொதியின் வேகத்தைக் குறைப்பதில்லை. ஆனால் பல லாக்டோபேசில்லசு இனங்கள் 37 முதல் 45 பாகை வரையிலேயே நன்கு வளர்கின்றன. எனவே நொதிக்கும் பாக்டீரியாவுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையைத் தேர வேண்டியுள்ளது. 50 பாகையிலும் வளரும் பேசில்லசு கோயாகுலன்சு இவ்வகையில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.

நொதித்தல்

லாக்டிக் அமில நொதித்தல் இருவகைப்படும். ஒருவகையில் ஒரு குளுக்கோசு மூலக்கூறு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகப் பிளவுறுகிறது. குளுக்கோசின் மூலக்கூற்று எடை 180. லாக்டிக் அமிலத்தின் மூலக்கூற்று எடை 90. ஆகவே கோட்பாட்டளவில் ஒரு கிலோகிராம் குளுக்கோசு ஒரு கிலோகிராம் லாக்டிக் அமிலம் தரும். மற்றொரு வகையில் லாக்டிக் அமிலத்துடன் எத்தனாலும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. விளைச்சல் பாதியாகக் குறைகிறது. இட்லி மாவைப் பொங்கச் செய்யும் லியூகோனோசுட்டாக் மெசன்டிராய்ட்சு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

சைலோசை நொதிக்கச் செய்வது கடினம். பல இனங்கள் சைலோசை ஒரு லாக்டிக் அமில மூலக்கூறாகவும் ஓர் அசிட்டிக் அமில மூலக்கூறாகவும் பிளக்கின்றன. இதனால் ஒரு கிலோகிராம் சைலோசுக்கு 600 கிராமே லாக்டிக் அமிலம் கிடைக்கும். பேசில்லசு கோயாகுலன்சு வேறு வழியில் மூன்று சைலோசு மூலக்கூறுகளிலிருந்து ஐந்து லாக்டிக் அமில மூலக்கூறுகளைத் தர வல்லது. கோட்பாட்டளவில் இங்கு எடை இழப்பு இல்லை. குளுக்கோசும் சைலோசும் கலந்திருக்கையில் பல பாக்டீரியாக்கள் குளுக்கோசைத் தீர்த்த பின்னரே சைலோசைத் தொடுகின்றன. இதுவும் நொதித்தல் காலத்தை நீட்டிக்கும்.

லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அமினோ அமிலங்களும் பி வகை உயிர்ச்சத்துகளும் தேவை. ஆய்வுக்கூடத்தில் இதற்காக ஈசுட்டுச் சாறு சேர்க்கப்படுகிறது. தொழிற்சாலை அளவில் அது விலை மிகுந்தது. மக்காச்சோளத்திலிருந்து மாவுப்பொருள் எடுக்கும் ஆலைகளில் கிடைக்கும் ஊறல் நீர் இதற்கு மாற்றாகப் பயன்படுகிறது.

லாக்டிக் அமிலத்துக்கு எல், டி என இரு ஒளியியல் வடிவங்கள் உண்டு. மனித உடல் எல் வடிவத்தை எளிதில் பயன்படுத்திக்கொள்ளும். நெகிழி தயாரிப்புக்கும் வடிவத் தூய்மை தேவை. லாக்டோபேசில்லசு ராம்னோசசு போன்ற இனங்கள் பெரும்பாலும் எல் வடிவத்தைத் தருகின்றன. லாக்டோபேசில்லசு பிளான்டாரம் இரு வடிவங்களையும் கலந்து தருகிறது. கழிவுடன் வரும் காட்டு நுண்ணுயிரிகள் கலனில் புகுந்தால் இத்தூய்மை கெடும்.

பிரித்தெடுத்தல்

அமிலம் சேரச்சேரக் கலனின் அமிலத்தன்மை உயர்ந்து பாக்டீரியாவின் செயல் நின்றுவிடும். இதைத் தவிர்க்கச் சுண்ணாம்புக்கல் தூளோ நீர்த்த சுண்ணாம்போ இடைவிடாது சேர்க்கப்பட்டு, பி.எச் மதிப்பு 5.5 முதல் 6.5 வரை நிலைநிறுத்தப்படுகிறது. அப்போது அமிலம் கால்சியம் லாக்டேட்டு என்னும் உப்பாக மாறுகிறது. நொதித்தல் முடிந்தபின் திரவத்தை வடிகட்டிக் கந்தக அமிலம் சேர்த்தால், லாக்டிக் அமிலம் விடுபடும். கால்சியம் சல்பேட்டு, அதாவது ஜிப்சம், வீழ்படிவாகும். பின்னர் கரிச்சேர்ப்பு, அயனிப் பரிமாற்றம், ஆவியாக்கம் ஆகியவற்றால் அமிலம் தூய்மையாக்கப்படுகிறது.

விளைச்சல் கணக்கு

40 விழுக்காடு செலுலோசும் 35 விழுக்காடு எமிசெலுலோசும் கொண்ட ஒரு டன் உலர்ந்த மக்காச்சோளக் கதிர்த்தண்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எமிசெலுலோசு முழுவதும் சைலோசுச் சங்கிலி என எளிமைக்காகக் கருதப்படுகிறது.

* 400 கிலோகிராம் செலுலோசு நீருடன் வினைபுரிந்து உடையும்போது கோட்பாட்டளவில் 444 கிலோகிராம் குளுக்கோசு தரும்.
* 80 விழுக்காடு உடைந்து, அதில் 90 விழுக்காடு அமிலமானால் ஏறத்தாழ 320 கிலோகிராம் லாக்டிக் அமிலம் கிடைக்கும்.
* 350 கிலோகிராம் எமிசெலுலோசு கோட்பாட்டளவில் 398 கிலோகிராம் சைலோசு தரும். அதே விழுக்காடுகளைக் கொண்டால், அசிட்டிக் அமிலம் உண்டாகும் வழியில் ஏறத்தாழ 172 கிலோகிராமும், எடை இழப்பில்லாத வழியில் ஏறத்தாழ 286 கிலோகிராமும் லாக்டிக் அமிலம் கிடைக்கும்.

சைலோசைப் பயன்படுத்தாமல் விட்டால் கிடைக்கக்கூடிய அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழ பாதி வரை இழக்க நேரிடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. எஞ்சும் லிக்னினை உலர்த்திக் கொதிகலனில் எரிபொருளாகப் பயன்படுத்தலாம்.

ஜிப்சமும் சிமெண்டு ஆலைகளும்

வழக்கமான பிரித்தெடுப்பு முறையில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 0.56 டன் கால்சியம் கார்பனேட்டும் 0.54 டன் கந்தக அமிலமும் செலவாகின்றன. 0.96 டன் ஜிப்சமும் 0.24 டன் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன. அதாவது ஆலை தன் விளைபொருளுக்கு ஏறத்தாழ நிகரான எடையில் ஒரு கழிவையும் உண்டாக்குகிறது. தாவரக் கழிவைப் பயன்படுத்தத் தொடங்கிய செயல்முறை ஜிப்சக் குவியலில் முடிவது இத்தொழிலின் மீது பலகாலமாகக் கூறப்படும் குறை ஆகும்.

அரியலூர்ப் பகுதியில் இக்குறைக்கு ஓரளவு தீர்வு உண்டு. இங்குள்ள சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியக் காலத்தில் கடல் பரவியிருந்தபோது படிந்தது. கல்லங்குறிச்சிப் படிவம் இவற்றுள் ஒன்று. இதனை அடிப்படையாகக் கொண்டு அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலையும், கீழப்பழுவூர், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய் ஆகிய இடங்களில் தனியார் ஆலைகளும் அமைந்தன. சிமெண்டு மிக விரைவில் இறுகிவிடாமல் இருப்பதற்காக, கிளிங்கரை அரைக்கும்போது 3 முதல் 5 விழுக்காடு வரை ஜிப்சம் சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு 10 இலட்சம் டன் சிமெண்டு தயாரிக்கும் ஆலைக்கு, 4 விழுக்காடு எனக் கொண்டால், 40,000 டன் ஜிப்சம் தேவை. ஆண்டுக்கு 10,000 டன் லாக்டிக் அமிலம் தயாரிக்கும் ஆலையிலிருந்து வெளிப்படும் ஜிப்சம் 9,600 டன் அளவே. ஆகவே ஒரே சிமெண்டு ஆலை இதை முழுவதும் ஏற்க இயலும்.

இதற்கு இரு கட்டுப்பாடுகள் உள்ளன. சர்க்கரை சிறிதளவு கலந்தாலும் சிமெண்டு இறுகுவது பெரிதும் தாமதமாகும். எனவே நொதித்தல் கலனிலிருந்து வரும் ஜிப்சத்தைச் சர்க்கரை எச்சம் நீங்கக் கழுவ வேண்டும். மழையை நம்பிய இப்பகுதியில் கழுவும் நீரும், அது கழிவுநீராக வெளியேறும்போது அதைத் தூய்மைப்படுத்துவதும் தனிச் செலவாகும். மேலும், சிமெண்டுக்கு ஏற்ற சுண்ணாம்புக்கல் எல்லாமே உணவுத் தர அமிலத்துக்கு ஏற்றதன்று. இரும்பு முதலிய மாசுகள் குறைந்த கல்லைத் தேர வேண்டும்.

ஜிப்சமே உண்டாகாத முறைகளும் உள்ளன. அமிலத்தைத் தாங்கி வளரும் மரபு மாற்றப்பட்ட ஈசுட்டைப் பயன்படுத்துதல், மின்புலத்தில் சவ்வுகளின் வழியே அமிலத்தைப் பிரித்தல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் நடுநிலையாக்கும் பொருளின் தேவை குறைகிறது; தொழில்நுட்பச் செலவு கூடுகிறது.

இந்தியாவில் ஆய்வுகள்

புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லசு டெல்புருக்கியின் யுசி-3 என்னும் திடீர்மாற்ற வகையைக் கொண்டு, கரும்புச் சக்கையிலிருந்து பெற்ற செலுலோசை லாக்டிக் அமிலமாக்கும் ஆய்வை 2007இல் வெளியிட்டனர். லிட்டருக்கு 80 கிராம் செலுலோசிலிருந்து 67 கிராம் வரை அமிலம் பெறப்பட்டது. செலுலோசு உடையும்போது இடையில் உண்டாகும் செல்லோபயோசையும் இவ்வகை பயன்படுத்திக்கொள்வது இதன் சிறப்பு.

திருவனந்தபுரத்திலுள்ள தேசிய பல்துறை அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000களின் நடுப்பகுதியில் மரவள்ளிக் கிழங்குச் சக்கையைப் பயன்படுத்தினர். பெரம்பலூரை அடுத்த சேலம் மாவட்டத்தின் சவ்வரிசி ஆலைகளில் இச்சக்கை திப்பி எனப்படுகிறது. திப்பியில் மாவுப்பொருள் மிகுதியாக எஞ்சியிருப்பதால், அதை உடைப்பது செலுலோசை உடைப்பதைவிட எளிது.

தொழில் நிலை

உலகின் பெரிய லாக்டிக் அமில ஆலைகள் மக்காச்சோள மாவுப்பொருளையோ கரும்புச் சர்க்கரையையோ பயன்படுத்துகின்றன. 2002இல் அமெரிக்காவின் நெபிராசுக்கா மாநிலத்திலுள்ள பிளேயரில் தொடங்கிய பாலிலாக்டிக் அமில ஆலை மக்காச்சோளச் சர்க்கரையையும், 2018இல் தாய்லாந்தின் ராயோங்கில் தொடங்கிய ஆலை கரும்புச் சர்க்கரையையும் அடிப்படையாகக் கொண்டவை. இந்தியாவில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலை நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் கரும்பை அடிப்படையாகக் கொண்ட பாலிலாக்டிக் அமில ஆலை அமைப்பதாக 2024இல் அறிவித்தது. உணவாகக்கூடிய சர்க்கரையைத் தவிர்த்து நார்க்கழிவைப் பயன்படுத்துவது, முன்பதப்படுத்தல் செலவும் நொதிச் செலவும் குறைவதைப் பொறுத்தே அமையும்.

இடர்ப்பாடுகள்

கழிவு எனப்படுவது பல நேரங்களில் கழிவாக இருப்பதில்லை. மக்காச்சோளத் தட்டையும் வைக்கோலும் மாட்டுத் தீவனம் ஆகின்றன. பச்சை மக்காச்சோளப் பயிரை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிவைத்து ஊறுகாய்ப்புல் தயாரிப்பதும் லாக்டிக் அமில நொதித்தலே. இங்கு அமிலம் பிரிக்கப்படாமல் தீவனத்தைக் கெடாமல் காக்கிறது. பருத்திமாரும் கதிர்த்தண்டும் விறகாகின்றன. கரும்புச் சக்கை ஆலைக் கொதிகலன்களிலும் காகித உற்பத்தியிலும் பயன்படுகிறது. வறட்சி ஆண்டுகளில் தட்டை முழுவதையும் ஆலை வாங்கினால் கால்நடை வளர்ப்போருக்குத் தீவனத் தட்டுப்பாடு நேரும். கழிவை முற்றிலும் அகற்றினால் மண்ணின் கரிமப் பொருளும் குறையும். ஆகவே தீவன மதிப்புக் குறைந்த கதிர்த்தண்டும், கொட்டை நீக்கிய முந்திரிப்பழமும் இப்பகுதிக்கு முதலில் கருதத்தக்க மூலப்பொருட்களாகும்.

உலர்ந்த கழிவு எடை குறைந்தும் பருமன் மிகுந்தும் இருப்பதால் வண்டி வாடகை கூடுதலாகும். மக்காச்சோள அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடும். ஆலையோ ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். எனவே நனையாமல் சேமிக்கும் இடம் தேவை. மானாவாரிப் பயிரின் விளைச்சலும் நிலையானதன்று. 2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களில் படைப்புழு பரவியபோது, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன.

பயன்கள்

லாக்டிக் அமிலம் உணவுப் பொருட்களில் புளிப்பூட்டியாகவும் பதப்படுத்தியாகவும் பயன்படுகிறது. மருத்துவமனைகளில் நரம்பு வழியே செலுத்தப்படும் ரிங்கர் லாக்டேட்டுக் கரைசலில் சோடியம் லாக்டேட்டு உள்ளது. தோல் பதனிடும் தொழிலில் தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்குவதற்கு இவ்வமிலம் பயன்படுத்தப்படுகிறது.

லாக்டிக் அமிலத்திலிருந்து பாலிலாக்டிக் அமிலம் என்னும் நெகிழி தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பல தடை செய்யப்பட்டதன் பின்னர் இவ்வகை மாற்றுப் பொருட்கள் மீது கவனம் கூடியது. எனினும் பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கிடங்குகளிலேயே விரைவாக மட்கும். சாதாரண மண்ணிலும் நீர்நிலைகளிலும் இது நெடுநாள் மட்காமல் இருக்கும்.

இவற்றையும் பார்க்க

* நொதித்தல்
* செலுலோசு
* ஜிப்சம்
* மக்காச்சோளம்
* பெரம்பலூர் மாவட்டம்
* அரியலூர் மாவட்டம்